மேப்பிள் பாகு: கோடையில் போகலாமா?

கேள்வி: சின்ன வயதில் மார்ச் பிறந்தாலே அப்பா எங்கள் எல்லாரையும் கனடாவின் மொன்றியலுக்கு வெளியே, மேப்பிள் மரத்துச் சாற்றைப் பாகாகக் காய்ச்சும் இடத்துக்குக் கூட்டிப்போவார். பனிமேல் சூடான பாகை ஊற்றி, குச்சியில் சுருட்டித் தின்ற ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது. பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் காட்டலாமா?

பதில்: கோடையில் போனால் வெறும் மரத்தைத்தான் பார்க்கலாம். இரவில் உறைய வேண்டும், பகலில் உருக வேண்டும், இந்த ஏற்ற இறக்கம்தான் மரத்துக்குள் அழுத்தத்தை உண்டாக்கிச் சாற்றை வெளியே தள்ளுகிறது. மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் இது பெரும்பாலும் மார்ச், ஏப்ரலோடு சரி. மொட்டு விட ஆரம்பித்தால் சாற்றின் ருசியே கெட்டுவிடும், அப்புறம் யாரும் இறக்க மாட்டார்கள்.

சாறு பார்க்கத் தண்ணீர்தான், இனிப்பு சுமார் 2 சதவீதம், அதனால் ஒரு லிட்டர் பாகுக்கு ஏறக்குறைய 40 லிட்டர் சாறு வற்ற வேண்டும் (விலை ஏன் அப்படி என்று இனி கேட்க மாட்டீர்கள்). பனிமேல் ஊற்றுவது அதையும் மேலே காய்ச்சி இறுக்கியது.

சாறு பிடிக்க மரத்தில் தொங்கவிடும் வாளிகள் இப்போது குறைவு, பல இடங்களில் மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் குழாய். அழகு போச்சு, வேலை மிச்சம்!

அங்கே தரும் சாப்பாட்டில் பட்டாணி சூப், பீன்ஸ், ஹாம், முட்டை எல்லாம் இருக்கும், பாகும் பக்கத்திலேயே இருக்கும். சைவம் என்றால் முன்பே சொல்லிவையுங்கள், சூப்பிலும் பீன்ஸிலும்கூடப் பன்றி இறைச்சி சேர்ப்பது அங்கே வழக்கம். வார இறுதி என்றால் முன்பதிவு செய்துவிடுங்கள்.