டாக்டரேட் படிப்புக்காக முந்திரித் தோப்பை விற்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் பண்ருட்டி பக்கம். எனக்கு 52 வயது, தனியார் பள்ளியில் ஆசிரியை. கணவர் நெய்வேலியில் வேலை பார்க்கிறார். ஓய்வுக்கு இன்னும் 5 வருடம் இருக்கிறது. ஒரே மகள். சென்னையில் பி.ஓ.டி., அதாவது ஆக்குபேஷனல் தெரபி இளநிலைப் பட்டம் முடித்துவிட்டு, புதுச்சேரியில் குழந்தைகளுக்கான தெரபி மையம் ஒன்றில் 22,000 ரூபாய் சம்பளத்தில் இருக்கிறாள். இப்போது அமெரிக்காவில் ஆக்குபேஷனல் தெரபியில் டாக்டரேட் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. 3 வருடத்துக்கு எல்லாம் சேர்த்து 1 கோடியே 30 லட்சம் ஆகும் என்கிறார்கள் கன்சல்டன்சியில். 2027 முதல் டாக்டரேட் இல்லாதவர்களுக்கு அங்கே வேலை கிடையாது என்றும் சொல்கிறார்கள். டவுனில் 75 லட்சம் பெறும் வீடு, 2 ஏக்கர் முந்திரித் தோப்பு, கணவரின் பிஎஃப் 24 லட்சம், 40 பவுன் நகை. எங்களிடம் இருப்பது இவ்வளவுதான். தோப்பை 45 லட்சத்துக்குக் கேட்டு ஆள் வந்திருக்கிறது. அதை விற்று, மீதிக்கு வீட்டை வைத்துக் கடன் வாங்கலாமா? மாதக் கடைசிக்குள் சீட்டுக்காக 2,000 டாலர் கட்டச் சொல்கிறார்கள்.

பதில்: தோப்பை விற்க வேண்டாம். 2,000 டாலரையும் இப்போதைக்குக் கட்ட வேண்டாம். மகளின் ஆசை நியாயமானது, நல்ல தொழில்தான் படித்திருக்கிறார். ஆனால் இந்தக் குறிப்பிட்ட படிப்பை, இந்தக் குறிப்பிட்ட விலைக்கு வாங்குவது உங்கள் குடும்பத்துக்குத் தாங்காது.

முதலில் அந்த 2027 பேச்சை முடித்துவிடுவோம், உங்களை அவசரப்படுத்துவது அதுதான். அமெரிக்காவில் இந்தப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அகோட் என்ற அமைப்பு, 2027 ஜூலை முதல் தொழிலுக்குள் நுழைய டாக்டரேட் கட்டாயம் என்று 2017-இல் அறிவித்தது உண்மை. ஆனால் 2018-இல் அதை நிறுத்திவைத்தார்கள். 2019-இல் அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபி சங்கம், முதுநிலைப் பட்டம், டாக்டரேட் இரண்டு வழியாகவும் உள்ளே வரலாம் என்று முடிவு செய்துவிட்டது. இன்றுவரை அதுதான் நிலை. பிசியோதெரபியில்தான் 2016 தொடக்கத்திலிருந்து டாக்டரேட் மட்டும் என்று ஆகிவிட்டது. இரண்டையும் குழப்பிக்கொண்டு சொன்னார்களோ, பழைய அறிவிப்பை வைத்துச் சொன்னார்களோ, அந்த அவசரம் உண்மையானதல்ல.

அடுத்து, டாக்டரேட் படித்தால் கூடுதலாக என்ன கிடைக்கும்? முதுநிலை முடித்தவரும் டாக்டரேட் முடித்தவரும் எழுதுவது, என்.பி.சி.ஓ.டி. என்ற அமைப்பு நடத்தும் ஒரே தகுதித் தேர்வு. கிடைப்பதும் ஒரே உரிமம்தான், செய்வதும் ஒரே வேலைதான். பக்கவாதம் வந்தவருக்குச் சட்டை பொத்தான் போடப் பழக்குவதும், ஆட்டிசம் உள்ள குழந்தையைப் பள்ளிக்குத் தயார்படுத்துவதும் பட்டத்தைப் பொறுத்து மாறுவதில்லை. இரண்டு பேருக்கும் 24 வார முழுநேரக் களப்பயிற்சி உண்டு. டாக்டரேட்டில் அதற்கு மேல் 14 வாரத் திட்டப்பணி, ஆராய்ச்சி, நிர்வாகம் சார்ந்த பாடங்கள் வரும். பின்னாளில் கல்லூரியில் பாடம் எடுக்க விருப்பம் இருந்தால் இதற்குத் தனி மதிப்பு இருக்கிறது. மருத்துவமனையிலோ பள்ளியிலோ தெரபிஸ்டாக வேலை செய்வதுதான் குறிக்கோள் என்றால், சம்பளத்தைப் பெரும்பாலும் முடிவு செய்வது எந்த மாநிலம், எந்த இடம், எத்தனை வருட அனுபவம் என்பவைதான். 2024 கணக்குப்படி அங்கே இந்தத் தொழிலின் இடைநிலைச் சம்பளம் வருடத்துக்கு ஒரு லட்சம் டாலருக்குக் கொஞ்சம் கீழே. புதிதாகச் சேருபவருக்கு அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும்.

மகள் ஏற்கெனவே ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். இந்த 3 வருட டாக்டரேட்டோ, வேறு பாடத்தில் பட்டம் வாங்கிவிட்டு இந்தத் தொழிலுக்கு முதன்முதலாக வருபவர்களுக்காக அமைத்தது. பி.ஓ.டி.யில் நாலரை வருடம் படித்ததில் பெரும்பகுதியை டாலர் கொடுத்து மறுபடி படிக்கப் போகிறார். தொழிலில் இருப்பவர்களுக்கென்றே தனியாக மேற்படிப்பு முதுநிலை, டாக்டரேட் பாடங்கள் உண்டு. ஒன்றரை, இரண்டு வருடத்தில் முடியும். செலவும் அந்த அளவுக்குக் குறையும். ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. அந்த மேற்படிப்பு மட்டும் உரிமத் தேர்வு எழுதும் தகுதியைத் தந்துவிடாது. வெளிநாட்டில் படித்தவர்களுக்கு என்.பி.சி.ஓ.டி. நடத்தும் ஓடெட் என்ற தகுதி ஆய்வு தனியாக இருக்கிறது. கல்லூரி ஆக்குபேஷனல் தெரபி உலகக் கூட்டமைப்பின் அங்கீகாரம் பெற்றதா, களப்பயிற்சி போதுமான அளவு செய்திருக்கிறாரா, பட்டத்தின் தரம் அங்குள்ளதற்கு இணையா என்றெல்லாம் பார்ப்பார்கள். அதனால் எந்தக் கல்லூரிக்கும் பணம் கட்டுவதற்கு முன், தன் பி.ஓ.டி.யோடு எந்த மேற்படிப்பு சேர்ந்தால் தேர்வுக்கு அனுமதிப்பார்கள் என்று மகளே அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கட்டும். பதில் எழுத்தில் வர வேண்டும். கன்சல்டன்சி வாய்வழியாகச் சொல்வதை இதில் ஏற்க வேண்டாம்.

சரி, கடன் கணக்குக்கு வருவோம். தோப்பு 45 லட்சம் போக, 85 லட்சம் கடன் வாங்க வேண்டும். வருடத்துக்கு ஒன்றாக மூன்று சம தவணையில் வாங்குகிறீர்கள், வட்டி 10.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்பும் அப்புறம் ஆறு மாத அவகாசமும் முடியும்போது தனிவட்டி மட்டுமே 22 லட்சத்தைத் தாண்டியிருக்கும். நிலுவை 1 கோடியே 7 லட்சம். 15 வருடத்தில் அடைக்க, மாதத் தவணை ஏறக்குறைய 1,18,600 ரூபாய். கட்டி முடிக்கும்போது மொத்தம் 2 கோடியே 13 லட்சம் போயிருக்கும், தோப்பு தனி. இதில் ரூபாய் சரிவைச் சேர்க்கவில்லை. கல்லூரிக் கட்டணம் டாலரில், கடன் அனுமதி ரூபாயில். டாலர் ஏறினால் மூன்றாம் வருடத்தில் துண்டு விழும். களப்பயிற்சிக்கும் திட்டப்பணிக்கும் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. வேறு ஊரில் போட்டால் அங்கே இன்னொரு வாடகை, போக்குவரத்துச் செலவு. அந்த 1 கோடியே 30 லட்சத்தில் இதையெல்லாம் சேர்த்தார்களா என்று கேளுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தவணை தொடங்குவது மூன்றரை வருடம் கழித்து. அதிலிருந்து ஒன்றரை வருடத்தில் உங்கள் கணவர் ஓய்வு பெறுகிறார். அப்போது தவணை இன்னும் பதிமூன்றரை வருடம் பாக்கி இருக்கும். கடன் பத்திரத்தில் நீங்கள் இருவரும் கூட்டுக் கடனாளிகளாகக் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். மகளால் கட்ட முடியாத மாதத்தில் வங்கி உங்களிடம்தான் வரும்.

மகளுக்கு அமெரிக்காவில் முழுச் சம்பளத்தில் வேலை நிலைத்தால் இந்தத் தவணையைச் சிரமப்பட்டாலும் கட்டிவிடலாம். நிலைக்காவிட்டால்? படிப்பு முடிந்ததும் ஓ.பி.டி. என்ற வேலை அனுமதி 12 மாதம் கிடைக்கும். இன்ஜினியரிங், கம்ப்யூட்டர் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் கூடுதல் 24 மாதம் இந்தப் படிப்புக்கு இல்லை. அந்த ஒரு வருடத்துக்குள் தேர்வு எழுதி, மாநில உரிமம் வாங்கி, வேலை தேடி, எச்-1பி என்ற வேலை விசாவுக்கு மனுவும் போட்டாக வேண்டும். எச்-1பி குலுக்கல் முறையில் வருடத்துக்கு 85,000 பேருக்குத்தான். குலுக்கலில் அதிகச் சம்பள நிலையில் இருப்பவர்களுக்குக் கூடுதல் வாய்ப்பு தரும் முறையும் வந்துவிட்டது. பல்கலைக்கழகம் சார்ந்த சில மருத்துவமனைகளுக்குக் குலுக்கல் கிடையாது, அது ஒரு நல்ல வழி, ஆனால் அங்கே போட்டி அதிகம். ஊருக்குத் திரும்பிவிட்டு மறுபடி போகலாம் என்று நினைக்கவும் முடியாது. வெளிநாட்டில் இருப்பவருக்காகப் புதிதாகப் போடும் மனுவுக்கு நிறுவனம் 1 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று 2025 செப்டம்பரில் அறிவித்தார்கள். உறவில் யாராவது நர்ஸோ பிசியோதெரபிஸ்டோ போய் கிரீன் கார்டு வாங்கியிருந்தால், அதை வைத்தும் கணக்குப் போடாதீர்கள். அந்த இரண்டு தொழிலுக்கும் சட்டத்திலேயே ஒரு சலுகைப் பட்டியல் இருக்கிறது. ஆக்குபேஷனல் தெரபி அதில் இல்லை.

திரும்பி வந்தால் இங்கே டாக்டரேட்டுக்கு என்ன சம்பளம் கிடைக்கும் என்று புதுச்சேரியிலும் கடலூரிலும் நீங்களே விசாரித்துப் பாருங்கள். இப்போது வாங்கும் 22,000 இரண்டு மடங்கானாலும் தவணையில் பாதிகூட வராது. எல்லாம் சரியாக நடந்தால் மட்டுமே தாங்கும் கடன் இது. அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

அப்படியானால் எவ்வளவு கடன் தாங்கும்? உங்கள் குடும்பத்துக்கு நான் வைக்கும் எல்லை 40 லட்சம். தோப்பு கையில் இருக்கிறது, அதன் விலை 45 லட்சம். இரண்டு வருடப் படிப்புக்கு 40 லட்சம் கடன் என்றால், தவணை தொடங்கும்போது நிலுவை 48 லட்சத்துக்கு அருகில் இருக்கும், மாதம் 53,500 ரூபாய். வேலை கிடைத்தால் மகள் எளிதாகக் கட்டிவிடுவார். கிடைக்காமல் திரும்பினால், அன்றைக்குத் தோப்பை விற்று ஏறக்குறைய முழுதாக அடைத்துவிடலாம். வீடும் பிஎஃப்பும் தப்பிக்கும். தோப்பை இன்றே விற்றுவிட்டால் அந்தக் கடைசிப் பிடியும் போய்விடும். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது உங்கள் பக்கத்தில் எத்தனையோ பேருக்கு மரமெல்லாம் விழுந்தும் நிலம் மிஞ்சியது. அதில்தான் மறுபடி கன்று வைத்து எழுந்தார்கள்.

வங்கியில் தோப்பை ஈடாக ஏற்பார்களா என்றால், பெரும்பாலும் மாட்டார்கள். கடன் திரும்ப வராவிட்டால் சொத்தை எடுத்து ஏலம் விட வங்கிக்கு அதிகாரம் தரும் 2002-ஆம் வருட சர்ஃபாசி சட்டம், விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. அதனால் வங்கிகள் வீட்டைத்தான் கேட்கும். 75 லட்சம் வீட்டை வங்கியின் மதிப்பீட்டாளர் அதைவிடக் குறைத்துத்தான் போடுவார். அதன் மேல் 85 லட்சம் நிற்காது. பாக்கிக்குப் பிஎஃப், நகை என்று கை நீண்டுகொண்டே போகும். 40 லட்சத்துக்கு அந்த வீடு தாராளமாகப் போதும். பொதுத்துறை வங்கியில் முதலில் கேளுங்கள். ஈடில்லாமல் தருகிறோம் என்று வரும் தனியார் நிதி நிறுவனங்களில் வட்டி பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். படிக்கும் காலத்திலேயே மாதாமாதம் வட்டியைக் கட்டிவர முடிந்தால் கட்டுங்கள், உங்கள் இருவர் சம்பளமும் இருக்கும் வருடங்கள் அவை.

வரி விஷயம் சுருக்கமாக. கல்விக் கடன் வட்டிக்கு, பலரும் 80இ என்று சொல்லும் கழிவு, பழைய வரி முறையில் மட்டும்தான் உண்டு, 8 வருடத்துக்குத்தான். மகள் அமெரிக்கச் சம்பளத்தில் கட்டினால் இங்கே அவருக்கு அதனால் பெரிய பலன் இல்லை. வங்கிக் கடனாக அனுப்பும் கட்டணத்துக்கு டிசிஎஸ், அதாவது அனுப்பும்போதே வசூலிக்கும் வரி, பிடிப்பதில்லை. சொந்தப் பணமாக வருடத்துக்கு 10 லட்சத்துக்கு மேல் அனுப்பினால் பிடிப்பார்கள். கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். என்றாவது தோப்பை விற்க நேர்ந்தால், அது பண்ருட்டி நகராட்சி எல்லையிலிருந்து 2 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறதா என்று பாருங்கள். கிராமப்புற விவசாய நிலமாகக் கணக்கில் வந்தால் மூலதன ஆதாய வரி இல்லை.

அமெரிக்காதான் ஒரே வழி என்றும் இல்லை. பிரிட்டனில் எச்.சி.பி.சி. என்ற தொழில் பதிவு அமைப்பில் பதிவு, ஆஸ்திரேலியாவில் தகுதி மதிப்பீடும் மேற்பார்வைப் பயிற்சியும் என்று, இருக்கும் பி.ஓ.டி.யை வைத்தே விண்ணப்பிக்கும் பாதைகள் உண்டு. செலவு லட்சக்கணக்கில் நிற்கும், கோடிக்குப் போகாது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் தொடக்கச் சம்பளம் 2025-26-இல் வருடத்துக்கு 31,000 பவுண்டு அளவில் இருந்தது. புதியவர்களுக்கு அங்கே இடம் கிடைப்பது இப்போது கடினமாக இருக்கிறது, ஆனால் முயன்று பார்ப்பதில் வீடு பறிபோகாது. இங்கேயே எம்.ஓ.டி. என்ற முதுநிலைப் பட்டம் படிப்பதும் இருக்கிறது. கட்டாக் அருகே உள்ள தேசிய மறுவாழ்வு நிறுவனம் மத்திய அரசுடையது. 2021-ஆம் வருடச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் இந்தத் தொழிலையும் சேர்த்து, மருத்துவம் சார்ந்த துணைத் தொழில்களுக்கென ஒரு தேசிய ஆணையமும் வந்திருக்கிறது. முறையாகப் படித்தவருக்கு இனி மதிப்பு கூடும் என்றே நம்புகிறேன்.

எந்த நாடானாலும், கிளம்பும் முன் கடன் தொகைக்குக் குறையாமல் மகள் பெயரில் டேர்ம் இன்ஷூரன்ஸ் எடுத்துவிடுங்கள். அவர் வயதில் பிரீமியம் குறைவு. பிஎஃப்பைத் தொட வேண்டாம். நகை அவசரத்துக்கு இருக்கட்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டுதான். கல்லூரிக்கு எழுதி, சேர்க்கையை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று மகள் கேட்கட்டும். பல கல்லூரிகள் ஒத்துக்கொள்கின்றன. கூடவே என்.பி.சி.ஓ.டி.க்கு அந்த மின்னஞ்சல் போகட்டும். பதில் வந்ததும், அவர்கள் ஏற்கும் மேற்படிப்பு எது, அதன் கட்டணம் எவ்வளவு என்று எனக்கு எழுதுங்கள். 40 லட்சத்துக்குள் அடங்குகிறதா என்று சேர்ந்து பார்ப்போம்.