தங்கை எழுதும் அசைன்மென்ட்

கேள்வி: என் மூத்த மகளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பத்தாம் வகுப்பு வரை சிறப்புப் பள்ளியில் பிரெய்லில் படித்தாள். இப்போது அரசு உதவி பெறும் கல்லூரியில் பி.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு. அசைன்மென்ட் எல்லாம் கையால்தான் எழுதித் தர வேண்டும் என்பது அங்கே விதி. இதுவரை தங்கைதான் கைடைப் பார்த்து எழுதிக் கொடுத்தாள். இன்டர்னலில் நல்ல மதிப்பெண் வருகிறது. செமஸ்டர் தேர்வில்தான், அவள் சொல்லச் சொல்ல எழுதும் ஸ்கிரைப் சரியில்லாமல் குறைந்துவிடுகிறது. தங்கைக்கு இந்த வருடம் பிளஸ் டூ. பணம் கொடுத்தால் எழுதித் தர ஆள் கிடைப்பார்களா? மூத்தவளோ எதையும் கண்டுகொள்ளாமல், இரவெல்லாம் போனில் தோழிகளுக்குப் பக்கம் பக்கமாகத் தட்டிக்கொண்டிருக்கிறாள்.
- ஒரு தாய், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: கடைசி வரியைப் புகாராக எழுதியிருக்கிறீர்கள், சகோதரி. எனக்கு உங்கள் கடிதத்தில் முக்கியமாகப் பட்டது அந்த ஒரு வரிதான். பக்கம் பக்கமாகத் தட்டுகிறாள் என்றால் அவளுக்கு எழுத வருகிறது. போன் ஒவ்வொரு எழுத்தையும் சொல்லச் சொல்ல, காதால் கேட்டே டைப் செய்கிறாள். அப்படியிருக்க, பி.ஏ. தமிழ் படிக்கிற பெண்ணின் கட்டுரையைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஏன் எழுதுகிறாள்?

போன அசைன்மென்டின் தலைப்பு என்ன என்று மூத்தவளைக் கேட்டுப் பாருங்கள். அவளுக்குத் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். தலைப்பை யாரும் அவளிடம் சொல்லியிருக்க மாட்டீர்கள். பிறகு, கண்டுகொள்ளவில்லை என்று அவளையே குறை சொன்னால் எப்படி?

ஸ்கிரைப் மேலும் பழி போடாதீர்கள். மோசமான ஸ்கிரைப் அமைவது உண்டுதான். ஆனால் ஒவ்வொரு செமஸ்டரிலுமா? ஸ்கிரைப்பின் வேலை மாணவி சொல்வதை அப்படியே எழுதுவது. பாலைத் திணை பற்றி மூன்று பக்கம் என்றால், எங்கே தொடங்கி எதை மேற்கோள் காட்டி எப்படி முடிப்பது என்பதை அவளே வாக்கியம் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கம் வரத்தான் அசைன்மென்ட் கொடுக்கிறார்கள். உங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் தங்கைக்குப் போயிருக்கிறது. இன்டர்னலில் ஏறி செமஸ்டரில் இறங்குகிற மதிப்பெண்ணைப் பார்த்த அன்றே உங்களுக்கு இது உறைத்திருக்க வேண்டும்.

கல்லூரியின் மேல் எனக்குக் கோபம் இன்னும் அதிகம். நெட்டில் இருந்து காப்பியடித்துவிடுவார்கள் என்று பயந்து கையெழுத்தைக் கட்டாயமாக்குகிறார்கள். பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பார்வையில்லாத மாணவியிடமிருந்து அழகான கையெழுத்தில் கட்டுரை வரும்போது, இது யார் எழுதியது என்று அந்த ஆசிரியர் ஒரு தடவையாவது கேட்க வேண்டாமா? பரிதாபப்பட்டு மார்க் போட்டுவிட்டுப் போகிறார். அவளுக்குச் சொல்லித் தரும் பொறுப்பை அவர் எப்போதோ கைகழுவிவிட்டார்.

இந்த விதியை அவளுக்காக மாற்றச் சொல்வது பிச்சை கேட்பது ஆகாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இருக்கிறது. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் மாணவரின் தேவைக்கேற்ற வசதியைச் செய்து தர வேண்டும் என்கிறது அதன் 16ஆம் பிரிவு. பாடத்திட்டத்திலும் தேர்வு முறையிலும் தக்க மாற்றங்கள் செய்வதைப் பற்றி 17ஆம் பிரிவு பேசுகிறது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்புள்ள ஒருவர் யுபிஎஸ்சி தேர்வுக்கு ஸ்கிரைப் கேட்டு வழக்குப் போட்டார். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது.

கேட்க வேண்டியதும் பெரிதாக ஒன்றுமில்லை. கட்டுரையை டைப் செய்து மின்னஞ்சலில் அனுப்ப அனுமதி. தலைப்பைக் கரும்பலகையின் போட்டோவாக அனுப்பாமல் எழுத்தாகவே அனுப்புவது. அப்புறம், பாடக்குறிப்புகள் யூனிகோடு என்ற பொது எழுத்து முறையில் இருக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை, திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் மென்பொருளான திரைவாசிப்பான் ஆங்கில எழுத்தும் குறியுமாக உளறிக் கொட்டும். ஸ்கேன் செய்த பக்கம் வெறும் படம் என்பதால் அதில் வாசிக்க ஒன்றும் கிடைக்காது. இதைப் பல ஆசிரியர்கள் அறிவதில்லை, சொன்னால் பெரும்பாலும் மாற்றிக்கொள்வார்கள். கல்லூரிக் கம்ப்யூட்டரில் என்விடிஏ என்ற திரைவாசிப்பானைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பார்வையற்ற ஆஸ்திரேலியர் ஒருவர் 2006ல் தொடங்கியது அது. இலவசம், தமிழும் வாசிக்கும்.

முதல் கட்டுரைகளில் பிழை இருக்கும். காதால் கேட்கும்போது ரகரமும் றகரமும், நகரமும் னகரமும் குழம்பும். ஆனால் பிரெய்லில் இவற்றுக்குத் தனித்தனிப் புள்ளிகள் உண்டு, அவள் விரலால் படித்துப் பழகியவள். சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லை பிரெய்லில் நினைத்துப் பார்க்கட்டும். தங்கைக்கு நேரம் இருக்கும்போது பிழை எங்கே என்று காட்டலாம், திருத்துவது அக்காவின் வேலை. மதிப்பெண் கொஞ்சம் குறைந்தால் குறையட்டும்.

சின்னவளையும் யோசியுங்கள். தன் படிப்போடு அக்காவின் படிப்பையும் சேர்த்துச் சுமந்திருக்கிறாள். முடியுமா என்று அவளை யாராவது கேட்டீர்களா? கூடப்பிறந்தவளுக்கு உதவுவது கடமை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒரு பிள்ளையின் வேலையை இன்னொரு பிள்ளை தலையில் கட்டுவது பெற்றவர்கள் செய்யக்கூடாதது. பிள்ளையின் வேலையை அந்தப் பிள்ளையிடமே கொடுக்க வேண்டும், அதில் கண் தெரிகிற பிள்ளைக்கு ஒரு நியாயம், தெரியாத பிள்ளைக்கு ஒரு நியாயம் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பணம் கொடுத்து ஆள் தேடுவதை இன்றோடு விடுங்கள். துறைத் தலைவருக்கு ஒரு விண்ணப்பம் தயாராகட்டும், மேலே சொன்ன சட்டப் பிரிவுகளோடு. அவளே அதை டைப் செய்யட்டும். நீங்கள் கூடப் போங்கள், ஆனால் பேச வேண்டியவள் அவள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். அடுத்து மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு மனு அனுப்பலாம். அதையும் அவள்தான் எழுத வேண்டும்.