ஓடி எடை குறைத்தவர்களுக்கு, அது ஏன் பாதியில் நின்றுவிடுகிறது?

அதே ஓட்டம், அதே சாப்பாடு. ஆனால் தராசு முள் மட்டும் அசைய மறுக்கிறது. இதைத்தான் எடைத் தேக்கம் என்கிறோம். மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் விடியற்காலையில் செம்பனை (எண்ணெய்ப் பனை) ஓரம் ஓடும் பலர் இந்தக் கட்டத்தில்தான் சலித்து விட்டுவிடுகிறார்கள்.

ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 1 கலோரி செலவாகும். 90 கிலோ உள்ளவர் 5 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 450 கலோரி. அவரே 75 கிலோவுக்கு இறங்கியதும், அதே தூரத்துக்கு 375தான். செம்பனைக் குலை ஏற்றி ஆலைக்குப் போகும் லாரி குடிக்கும் டீசல், வெறும் லாரியாகத் திரும்பும்போது தேவைப்படுவதில்லை, அல்லவா? ஓய்வில் இருக்கும்போதும் சிறுத்த உடலுக்குச் செலவு குறைவு. பசியோ கூடுகிறது.

ஓட்டத்தை நீட்டுவதைவிடத் தட்டைக் கவனிப்பதே மேல் என்பேன். ஓடி முடித்த கையோடு ஒட்டுக்கடையில் பரோட்டா போன்ற ஒரு ரொட்டி சானாய், கெட்டிப்பால் ஊற்றி நுரை பொங்க ஆற்றிய ஒரு கிளாஸ் தே தாரேக் தேநீர். ஓடியதெல்லாம் அந்த மேசையிலேயே ஈடாகிவிடும். பாலும் சீனியும் போடாத தேநீரான தே ஓ கோசோங், இரண்டு அவித்த முட்டை, கீரை என்று மாற்றிப் பாருங்கள். (ரொட்டி சானாயை ஒரேயடியாக விடச் சொன்னால் ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள், வாரம் ஒரு நாள் இருக்கட்டும்.) எடை இறங்கிய பிறகும் இதே சாப்பாடுதான் தொடர வேண்டும்.

பிளாஸ்டிக் சட்டை போட்டு வியர்க்க ஓடினால் கொழுப்பு கரையும் என்பது தவறு. குறைவது நீர்தான், தண்ணீர் குடித்ததும் அந்த எடை திரும்பிவிடும்.