நம் பழைய ஊர்கள் திட்டமிட்டுக் கட்டப்பட்டவையா? பாரிஸ் மாதிரி ஏன் இல்லை?

பாரிஸைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். "நம்ம ஊரெல்லாம் கண்டபடி வளர்ந்தவை" என்று கேள்வியோடு சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். திருவாரூர்க்காரனான என்னால் அதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

பாரிஸின் அகலச் சாலைகள் 1853-க்குப் பிறகு ஓஸ்மான் என்ற அதிகாரி பழைய தெருக்களை இடித்துவிட்டுப் புதிதாகப் போட்டவை. தரங்கம்பாடியில் 1620-இல் வந்திறங்கிய டேனிஷ்காரர்கள் கடலோரம் கோட்டை கட்டினார்கள். வியாபாரத்துக்கான ஊர் அதை ஒட்டி வளர்ந்தது. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தேவை இருந்திருக்கிறது. எங்கள் ஊருக்குத் தேவை தேரும் தண்ணீரும்.

எங்கள் தியாகராஜர் கோயில் தேரான ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி உயரம், எடை சுமார் 300 டன். என் தாய்மாமா முட்டுக்கட்டை போடுகிறவர். ஓடுகிற சக்கரத்தோடு கூடவே போய்க் கட்டையை அடியில் கொடுப்பார். சக்கரம் அதில் உரசிக் கொஞ்சம் திரும்பும். உடனே கட்டையை உருவிவிட்டு அடுத்ததைக் கொடுக்க வேண்டும். திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தும் முட்டுக்கட்டை போகவில்லை. வீதி முனையில் யாராவது கடைப் படியை நீட்டிக் கட்டினால் மாமா நேரே போய்விடுவார். "தேர் திரும்புற இடம்யா, உள்ள தள்ளிக் கட்டு" என்பார். கட்டுகிறவரும் மறுபேச்சுப் பேச மாட்டார். வருஷா வருஷம் ஊரே கூடி வீதியின் அகலத்தை அளந்து பார்க்கிற ஏற்பாடு இது.

தண்ணீருக்கும் அப்படித்தான். "கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி" என்பது எங்கள் ஊர் வழக்கு. வேலி என்பது பழைய நில அளவு. கோயிலுக்குக் கொடுத்த அளவு நிலத்தைக் கமலாலயம் என்ற கோயில் குளத்துக்கும் விட்டிருக்கிறார்கள். தஞ்சாவூரில் சிவகங்கைக் குளத்துத் தண்ணீர் ஜலசூத்திரம் என்ற தரையடிக் கால்வாய் வழியாக அய்யன்குளத்துக்குப் போனது. இதெல்லாம் தானாக வளர்ந்ததா?

அந்த வீதிகளில் எல்லாரும் குடியிருக்க முடிந்ததா என்று யாராவது கேட்பீர்கள். முடியவில்லை. சேரியை ஊருக்கு வெளியேதான் வைத்தார்கள். அதுவும் திட்டத்தில் சேர்ந்ததுதான், அதை நான் மறைக்கவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை. வீதியும் குளமும் போட்ட அறிவைப் பற்றித்தான் பேசுகிறேன்.

கண்டபடி வளர்வது எது என்று கேட்டால் என் தங்கை வீட்டைக் காட்டுவேன். நஞ்சை நிலத்தைக் கூறு போட்டு, 'நகர்' என்று பேர் வைத்து விற்றார்கள். நடுவில் ஓடிய வடிகால் வாய்க்காலைத் தூர்த்து ரோடு போட்டுவிட்டார்கள். ஐப்பசியில் மழை பிடித்தால் தண்ணீர் போக வழியில்லாமல் கூடத்துக்குள் நிற்கிறது. கட்டிலுக்குக் கீழே செங்கல் அடுக்கிவைத்துத் தூங்குகிறார்கள். அந்த மனைக்குப் பட்டா மாற்றவும் அவளை அலையவிட்டார்கள். இன்றைக்கு சர்வேயர் இல்லை, நாளைக்கு நெட் இல்லை. கைக்குழந்தையோடு வருகிறவளை உட்காரச் சொல்லக்கூட அந்த அலுவலகத்தில் ஆள் இல்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் மனசு கேட்கவில்லை.

நீங்களும் டெல்டா பக்கம் மனை பார்த்துக்கொண்டிருந்தால், விற்பவர் நீட்டும் லேஅவுட்டை மட்டும் நம்பாதீர்கள். புலப்படம், அதாவது அரசு சர்வே வரைபடம் வாங்கி, வாய்க்காலுக்கென்று விட்ட புறம்போக்கு நிலம் எங்கே போகிறது என்று பாருங்கள். அப்புறம் கார்த்திகை மழையில் ஒருமுறை நேரில் போய் நின்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.