மாலையில் போட்டி, காலையில் ஸ்குவாட் செய்யலாமா?

கேள்வி: கல்லூரி அணிக்காக நீளம் தாண்டுகிறேன். ஒன்றரை வருடமாக ஜிம்மில் ஸ்குவாட் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது) செய்கிறேன். அடுத்த மாதப் போட்டியில் என் முறை மாலை 4 மணிக்கு. அன்று காலை கொஞ்சம் எடை தூக்கினால் நன்றாகத் தாண்டலாம் என்கிறார் ஒரு சீனியர். கோச்சோ முழு ஓய்வு எடுக்கச் சொல்கிறார். எதைக் கேட்பது?

பதில்: சீனியர் சொல்வது உண்மைதான். இதை பிரைமிங் என்பார்கள். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், ரக்பி வீரர்களைக் காலையில் கனமான ஸ்குவாட்டும் பெஞ்ச் பிரஸ்ஸும் (மல்லாந்து படுத்து எடையை மேலே தள்ளுவது) செய்ய வைத்தார்கள். காலையில் சும்மா இருந்த நாளைவிட, எடை தூக்கிய நாளில் ஆறு மணி நேரம் கழித்து 40 மீட்டரை அவர்கள் வேகமாக ஓடினார்கள். டெஸ்டோஸ்டிரோன் காலையில் அதிகமாக இருந்து பொழுது ஏற ஏறக் குறையும். எடை தூக்கிய நாளில் அது அவ்வளவாகக் குறையவில்லை.

கோச்சின் பயமும் நியாயமானதே. ஒரே பயிற்சி உடம்பைத் தூண்டவும் செய்யும், களைப்பாக்கவும் செய்யும். களைப்பு மாலைக்குள் தீர வேண்டுமானால் அளவு மிகச் சிறியதாக இருக்க வேண்டும். வழக்கமான ஒர்க்அவுட்டை அன்று செய்தால் போட்டி கெட்டுவிடும்.

காலை 10 மணி வாக்கில் நன்றாக வார்ம்அப் செய்யுங்கள். எடையைப் படிப்படியாக ஏற்றி, உங்களால் ஒரே ஒரு முறை தூக்க முடிகிற அதிகபட்ச எடையில் 85 சதவீதத்துக்கு வாருங்கள். அதில் செட்டுக்கு மூன்று முறை வீதம் மூன்று செட் ஸ்குவாட் போதும். நடுவே மூன்று நிமிட ஓய்வு. கீழிருந்து எழும்போது பார் (எடை மாட்டிய கம்பி) வேகமாக மேலே வர வேண்டும். அது திணற ஆரம்பித்தால், செட் பாக்கி இருந்தாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இன்னும் ஒன்று செய்யலாம் என்று தோன்றும்போது வெளியே வருவதுதான் சரியான அளவு. லஞ்சஸ் (ஒரு காலை முன்னே வைத்து இறங்கி எழுவது), மெதுவாக இறக்கும் பயிற்சிகள், புதிதாகக் கற்ற எதுவும் அன்று வேண்டாம், தசைவலி வரும். வெளியூரில் ஜிம் கிடைக்காவிட்டால், நல்ல ஓய்வு விட்டு நான்கைந்து முறை 40 மீட்டர் ஓட்டம் ஓடலாம்.

அப்புறம் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, நிழலில் இருங்கள். மாலை வார்ம்அப்பைக் குறைக்காதீர்கள். காலைப் பயிற்சி அதற்கு மாற்று இல்லை. காலையிலேயே தகுதிச் சுற்று இருந்தால் இதெல்லாம் வேண்டாம், அந்தத் தாண்டல்களே போதும். இதற்காகத் தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு எழவும் வேண்டாம்.

முக்கியமான விஷயம், இதை முதன்முதலாகப் போட்டி நாளில் செய்து பார்க்காதீர்கள். எல்லா உடம்புக்கும் இது ஒரே மாதிரி பலன் தராது. இந்த மாதத்திலேயே ஒரு வாரம் காலைப் பயிற்சியோடும், அடுத்த வாரம் அதே கிழமையில் அது இல்லாமலும், மாலை 4 மணிக்கு நின்ற இடத்திலிருந்து தாண்டி டேப் வைத்து அளந்து எழுதுங்கள். முடிந்தால் இன்னொரு முறையும் செய்து, அந்த அளவுகளோடு கோச்சிடம் போய்ப் பேசுங்கள்.