ஹைட்ராலிக் கத்தரியில் விறகு வெட்டுவது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கத்தரியில் வெட்டிய துண்டுகளின் முனை நசுங்கி வெடிக்கிறது. இயந்திரத்தில் குறையா?

பதில்: குறை இல்லை. ஆயில் அழுத்தத்தால் தள்ளப்படும் அலகு நாரை அறுப்பதில்லை. நெரித்துக்கொண்டு இறங்குகிறது, அதனால் முனையில் நீளவாக்காக வெடிப்பு ஓடும். பலகைக்குப் போகும் மரமென்றால் அது சேதாரம். விறகுக்கோ அது நல்லதே, ஏனென்றால் மரத்தின் ஈரம் நாரின் போக்கில்தான் வேகமாக நகர்ந்து முனைவழியே வெளியேறுகிறது. முனை விரிந்திருந்தால் துண்டு சீக்கிரம் காயும்.

கேள்வி: மரத்தூள் இல்லாததால் எவ்வளவு விறகு மிச்சமாகும்?

பதில்: செயின்சா ஒவ்வொரு வெட்டுக்கும் சுமார் 8 மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்குகிறது. 40 சென்டிமீட்டர் துண்டுகளாகப் போட்டால் நூற்றுக்கு 2 பங்குதான் போகிறது. உண்மையான ஆதாயம் செயினைத் தீட்டும் நேரம் மிச்சமாவதில் இருக்கிறது. பட்டையில் ஒட்டிய மண் செயினை நொடியில் மழுக்கிவிடும். கத்தரி அலகு அதை எளிதில் தாங்கும். ஆணியும் கம்பியும் இரண்டுக்கும் ஆகாது.

கேள்வி: எத்தனை டன் கத்தரி வாங்கலாம்?

பதில்: என்ன மரம், எவ்வளவு பருமன், பச்சையா காய்ந்ததா என்ற மூன்றையும் எழுதாமல் இதைக் கேட்பவர்கள் ஒவ்வொரு முறையும் வருகிறார்கள். கணக்கை மட்டும் சொல்கிறேன். அலகைத் தள்ளும் சிலிண்டர் 10 சென்டிமீட்டர் உள்விட்டமுள்ளது என்றால் 200 பார் அழுத்தத்தில் ஏறக்குறைய 16 டன் விசை தரும். 15 சென்டிமீட்டர் என்றால் 36 டன். ஆனால் பம்ப் அதேதான் என்றால், விசை கூடிய அளவுக்கு அலகின் வேகம் குறையும். கடின மரத்தைப் பச்சையாக இருக்கும்போதே வெட்டிவிடுங்கள்.

கேள்வி: இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்துப் பிடித்தால்தான் அலகு இறங்குகிறது. ஒன்றைக் கம்பியால் கட்டிவிட்டால் மறு கையால் கட்டையைத் தள்ளலாமே?

பதில்: கூடாது. இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது. ஒரு பட்டறையில் வால்வு பழுது பார்க்கப் போனபோது, கைப்பிடியில் சுற்றியிருந்த கட்டுக்கம்பி துருவேறி வண்ணப்பூச்சோடு ஒட்டிப்போயிருந்ததைப் பார்த்தேன். அலகின் அடியில் தோல் கையுறையின் இரண்டு விரல் நுனிகள் தட்டையாகக் கிடந்தன. கை எப்படியோ தப்பியிருந்தது. செயின்சா உறுமுவதால் யாரும் அதன் அருகே கவனமாகவே நிற்கிறார்கள். கத்தரியோ அமைதியாக, 60 சென்டிமீட்டர் தூரத்தை ஏழு நொடி எடுத்துக்கொண்டு இறங்குகிறது, அதனால்தான் கையை எடுத்துவிடலாம் என்ற தைரியம் வருகிறது. அழுத்தம் மிஞ்சினால் திறந்து ஆயிலைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வு காப்பாற்றும் என்று எண்ணாதீர்கள்: அது 200 பாரில்தான் திறக்கும், விரல் எலும்பு நொறுங்கும்போது பிரஷர் கேஜின் முள்கூட அசையாது. கட்டையை நகர்த்தச் சிரமமாக இருந்தால் உருளைகள் வைத்த மேடையும், அளவுக்கு நிறுத்தும் தடுப்பும் போடுங்கள். ஒருவர் கட்டையைப் பிடிக்க மற்றொருவர் கைப்பிடியை இயக்குவதும் இதே ஆபத்துதான். இயக்குபவர் ஒருவரே கட்டையையும் வைக்க வேண்டும்.

கேள்வி: ஹோஸில் எங்கோ கசிகிறது. தடவிப் பார்த்தும் இடம் தெரியவில்லை.

பதில்: தடவிப் பார்த்தீர்களா! ஊசிமுனைத் துளையிலிருந்து பீறிடும் ஆயில் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே இறங்கும். அட்டைத் துண்டை நீளமான குச்சியில் செருகி, தள்ளி நின்று காட்டுங்கள். இடம் தெரிந்ததும் எஞ்சினை நிறுத்தி, கைப்பிடிகளை அசைத்து அழுத்தத்தை இறக்கிவிட்டு ஹோஸை மாற்றுங்கள். ஆயில் தோலுக்குள் ஏறியிருந்தால், வெளியே சிறு புள்ளியாகத் தெரிந்தாலும், வலியே இல்லாவிட்டாலும், அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு அந்த நேரமே போய், உயர் அழுத்த ஆயில் ஏறியது என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஆயில் பால்போல வெளுத்திருக்கிறது.

பதில்: தண்ணீர் கலந்திருக்கிறது. முழுவதையும் வடித்து மாற்றுங்கள், ஃபில்டரையும் சேர்த்து.

கேள்வி: செயின்சாவை விற்றுவிடலாமா?

பதில்: வேண்டாம். கத்தரியின் வாய் கொள்ளாத அடிமரத்தையும் கவட்டையையும் செயின்சாவில்தான் கழிக்க வேண்டும். பெரிய கட்டையைப் புரட்டிப் புரட்டிக் கடிக்கவிட்டால் அலகு ஒருபக்கமாகச் சாய்ந்து சிலிண்டர் தண்டு வளையும். கட்டை அலகில் மாட்டிக்கொண்டால் கையால் உருவாதீர்கள்: அலகைப் பின்னிழுத்து, எஞ்சினை நிறுத்தி, அழுத்தத்தை இறக்கிவிட்டு, கடப்பாரையால் நெம்பி எடுங்கள்.