முசுடு, சிடுமூஞ்சி, முரடு: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் தாத்தாவை ஊரே ‘முசுடு’ என்று சொல்லும். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது ஐயா?

பதில்: எறும்பிலிருந்து. மாமரத்திலும் பலாவிலும் இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டுமே செவ்வெறும்பு, அதைப் பல ஊர்களில் முசுறு என்போம். முசுடு என்பதும் அதன் பெயர்தான். இந்த எறும்பு, சிடுசிடுக்கும் ஆள் என இரண்டு பொருளும் அகராதியில் உண்டு. கிளை லேசாக அசைந்தால் போதும், கூட்டமாக மேலே ஏறிக் கடிக்கும். கடித்த இடத்திலேயே அமிலத்தையும் பீய்ச்சும். அப்புறம் எரிச்சலுக்குக் கேட்பானேன்! தொட்டதற்கெல்லாம் சீறும் ஆளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

கேள்வி: சங்கப் பாட்டில் இந்த எறும்பு வருகிறதா?

பதில்: வருகிறது, முயிறு என்ற பெயரில். உயிர் பேச்சில் உசிர் ஆகிறது, முயல் முசல் ஆகிறது. அதே வழியில் முயிறு முசிறு ஆகி, முசுறு ஆனது. நற்றிணை 180ஆம் பாட்டு ‘பழனப் பாகல் முயிறு மூசு குடம்பை’ என்று தொடங்குகிறது. அந்தக் கூட்டில் நாரை உரச, சிவந்த எறும்பும் வெள்ளை முட்டையும் சேர்ந்து கொட்டுகின்றன. செந்நெல்லோடு வெள்ளரிசி கலந்து சிதறியதுபோல இருந்ததாம். மரத்தடியில் நின்று பார்த்தவரால்தான் இப்படிப் பாட முடியும்.

கேள்வி: முசுடும் முரடனும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. முரடன் கை ஓங்குவான். முசுடு வள்ளென்று விழும், அதோடு சரி. ‘கொஞ்சம் முசுடு, ஆனா நல்ல மனுஷன்’ என்று சொல்கிறோமே, முரடனை அவ்வளவு எளிதில் அப்படிச் சொல்லிவிட மாட்டோம். உங்கள் தாத்தாவும் அந்த ரகமாகத்தான் இருந்திருப்பார்.

கேள்வி: சிடுமூஞ்சியில் உள்ள ‘சிடு’வுக்கு என்ன பொருள்?

பதில்: தனியாகப் பொருள் இல்லை. சிடுசிடு இரட்டைக்கிளவி. ‘இரட்டைக் கிளவி இரட்டிற் பிரிந்திசையா’ என்பது தொல்காப்பியம். ஆனால் பேச்சுத் தமிழ் அதைப் பிரித்து, ஒரு பாதியை மூஞ்சியோடு ஒட்டிவிட்டது. கடுகடுப்பு அப்படியல்ல. கடு என்றால் உறைப்பு, கடுமை, நஞ்சு. தேள் கொட்டினால் கடுக்கும்.

கேள்வி: வள்ளுவர் இதைப் பற்றிச் சொல்லியிருக்கிறாரா?

பதில்: ‘அருஞ்செவ்வி இன்னா முகத்தான் பெருஞ்செல்வம் பேஎய்கண் டன்னது உடைத்து’ (565). பார்ப்பதற்கே நேரம் கிடைக்காது, கிடைத்தாலும் முகம் கடுகடுவென்றிருக்கும். அப்படிப்பட்டவனிடம் உள்ள செல்வம் பேய் கண்டு வைத்திருப்பதுபோல என்கிறார். இது அரசனுக்குச் சொன்னது. மனு வாங்கும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் எல்லோரும் படிக்க வேண்டிய குறள்.

கேள்வி: பெண்களையும் முசுடு என்னலாமா?

பதில்: தாராளமாக. அதில் ஆண்பால் பெண்பால் விகுதியே கிடையாது. ‘அந்த முசுடு வந்துடுச்சா?’ என்று அஃறிணையில்தானே கேட்கிறோம்.